கெய்ரோவில் ரசம் கேட்ட மூக்குக்காரர்

உலகத்தில் எல்லாரும் மூக்கை மூச்சு விடுவதற்கு வைத்திருக்கிறோம். பாடாலூர் மூக்குக்காரர் ஒருவர்தான் அதைத் தொழிலுக்கு வைத்திருந்தார். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு ஒரு சின்ன வெங்காய மண்டி. வண்டியில் வந்து இறங்கும் மூட்டையை அவர் பிரிக்க மாட்டார். சாக்கின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழு இழுப்பார். "செம்மண் காட்டு வெங்காயம். அடுக்கி வெச்ச பட்டறையில மழத்தண்ணி எறங்கியிருக்கு. அடியில ஒண்ணு அழுகிக் கெடக்கு, எடுத்துப் போட்டுட்டு எடை போடுங்க" என்பார். கொட்டிப் பார்த்தால் அடியில் ஒன்று அழுகியிருக்கும். இரண்டாவதாக ஒன்று அகப்பட்டால், அது கொட்டிய பிறகு அழுகியது என்று சத்தியம் செய்வார். எதிரே நிற்கிற விவசாயியும் தலையை ஆட்டுவார்.

அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான் தெரியும். பெரம்பலூரில் தொடங்கி ஜெயங்கொண்டம் வரைக்கும் அவர் மூக்குக்காரர்தான். நேரில் பேசும்போது மூக்கண்ணே. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "இல்லாததையா சொல்றாங்க, இருக்கிறதைத்தானே சொல்றாங்க" என்று மூக்கைத் தடவிக்கொள்வார்.

அரியலூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு நாள் ஏதோ கையெழுத்துக்காக வந்தார். அதுதான் நான் அவரை முதலில் பார்த்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் அப்படியே நின்றுவிட்டார். "சார், யாரோ கொண்டாந்த பட்டாணிக் குருமா ஊசிப்போச்சு. தின்னுடாதீங்க" என்றார். மணி அப்போது பத்தரைதான். எங்கள் பதினோரு டிபன் பாக்ஸும் மேசைமேல் திறக்கப்பட்டன. பதினொன்றும் யோக்கியமாக இருந்தன. எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தபோது மேனேஜர் அறையிலிருந்து மேனேஜரே தன்னுடைய டப்பாவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். மூக்குக்காரருக்குக் கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது.

அவர் கல்யாணமே மூக்கால் நடந்த கல்யாணம். வரதராஜன்பேட்டையில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. தட்டைக் கையில் வாங்கியவர், "பஜ்ஜி வூட்டுல சுட்டது. கேசரி கடையில வாங்கினது" என்று சபையில் சொல்லிவிட்டார். பெண் வீட்டாருக்கு முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பஜ்ஜி நான் சுட்டேன். கேசரி எங்க சித்தி ஜெயங்கொண்டத்துல வாங்கியாந்தது. வேணும்னா பஜ்ஜிய மட்டும் தின்னுட்டுப் போகச் சொல்லுங்க." அந்தக் குரல்தான் புஷ்பம் அக்கா. "எண்ணெய் கொஞ்சம் பழசு" என்றாராம் இவர். "புது எண்ணெய் ஊத்துற அளவுக்கு நீங்க பெரிய ஆளான்னு அப்ப தெரியாது" என்றாராம் அவர். அடுத்த மாதமே கல்யாணம்.

அதிலிருந்து அந்த வீட்டில் தினமும் இதுதான். சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்பார். கீரையைக் கழுவியபோது கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று சண்டை பிடிப்பார். அக்காவும் விடமாட்டார். சாப்பிடப் போகிற நாங்கள் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் விழிப்போம்.

அப்புறம் கொரோனா வந்தது. பாடாலூரில் எத்தனையோ பேருக்கு வந்தது, போனது. மூக்குக்காரருக்கும் வந்தது, போனது. போகும்போது அவருடைய மோப்பத்தையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. திருச்சி டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு என்று மூக்குக்காரர் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மண்டிக்கு மட்டும் தவறாமல் போனார். சாக்கில் மூக்கை வைப்பார். கண்ணை மூடுவார். "கரிசக்காட்டு வெங்காயம்" என்று எதையோ சொல்வார். அது செம்மண்ணாக இருக்கும். சுமை தூக்கும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஆமாங்கண்ணே" என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போன பிறகு மூட்டையைக் கொட்டி, அழுகலை அவர்களே பொறுக்கிப் போடுவார்கள். ஊரில் ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் புஷ்பம் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இந்த மனுஷன் என்னையத் திட்டியே எவ்வளவோ நாளாச்சு. நேத்து வேணும்னே தோசையக் கருக்கி வெச்சேன். பேசாம தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. திட்டுற ஆளு திட்டலைன்னா அது வூடா தம்பி?"

 அவரே தொடர்ந்தார். வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு கூட்டம் புனித பூமிக்குப் பயணம் புறப்படுகிறது. முதலில் எகிப்து. அங்கெல்லாம் போய் முட்டி போட்டு வேண்டிக்கொண்டால் மோப்பம் திரும்பிவிடும் என்பது அக்காவின் நம்பிக்கை. கூட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது. இவரைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். "நீங்களும் வந்துடுங்க தம்பி" என்றார். எனக்குப் பிரமிடு பார்க்கிற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. புனிதம் கொஞ்சம் கூட ஒட்டிக்கொண்டாலும் நஷ்டமில்லை என்று கிளம்பிவிட்டேன்.

மூக்குக்காரரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்திருந்தார். காரணம் விமானத்தில்தான் தெரிந்தது. முட்டி போடுவது அவர் திட்டத்திலேயே இல்லை.

"சார், பைபிள்ல, எகிப்து அடிமைத்தனத்துலேருந்து விடுதலையாகிப் போன சனம் பாலைவனத்துல என்ன பண்ணுச்சு தெரியுமா? வானத்துலேருந்து சாப்பாடு விழுது. அதை வேண்டாம்னுட்டு, எகிப்து வெங்காயம் எங்க, பூண்டு எங்கன்னு உக்காந்து அழுதுச்சு. எங்க சாமியார் பூசையில இதைச் சொல்லி, நன்றிகெட்ட சனம்னாரு. நான் அப்பவே நெனச்சேன், அவரு வெங்காய யாவாரம் பண்ணுனதில்ல. விடுதலையே வேண்டாம், வெங்காயம் போதும்னு ஒரு சனம் அழுதுச்சுன்னா, அது எப்பேர்ப்பட்ட வெங்காயமா இருக்கணும்? அதைத் தின்னா செத்த மூக்கு எந்திரிக்காது?"

நான் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். சில வருடங்களுக்கு முன் வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது எகிப்து வெங்காயம் கப்பலில் வந்து திருச்சிச் சந்தையில் கொட்டிக் கிடந்ததே. குழந்தையின் தலை அளவுக்கு இருக்கும், நறுக்கினால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராதே.

"அதை நானும் மோந்து பார்த்தேன். முள்ளங்கி, வெங்காய வேஷம் போட்டிருந்துச்சு" என்றார். "யோசிங்க சார். நல்ல சரக்கை எவனாச்சும் கப்பல்ல ஏத்துவானா? ஊருக்குள்ளயே வெச்சுக்குவான். அது ரோட்டுக்கடையிலதான் இருக்கும்."

இப்படித்தான், பக்திப் பயணம் போன கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எகிப்தின் அசல் ரோட்டுக்கடைச் சாப்பாட்டைத் தேடுகிறவர்களாக கெய்ரோவில் இறங்கினோம்.

தேடுவது சுலபமாக இல்லை. எங்களுக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் வரக்கூடாது என்று பயணக் கம்பெனி திருச்சியிலிருந்தே ஒரு சமையல்காரரை ஏற்றிவந்திருந்தது. நைல் நதிக்கரையில் பொட்டலம் பிரித்தால் சாம்பார் சாதம். பிரமிடுக்கு எதிரே உட்கார்ந்தால் புளிசாதம், பக்கத்தில் வடகம். மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த டூர் தம்பி கண்டிப்பானவன். "வெளியில எதையும் வாயில வைக்கக் கூடாது. வயித்தால போனா கம்பெனி பொறுப்பில்லங்க" என்று பஸ்ஸில் மைக் பிடித்துச் சொன்னான். வயிறு விஷயத்தில் நான் கோழை. எனக்கு அந்த அறிவிப்பு ரொம்ப நியாயமாகப் பட்டது.

பிரமிடுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஓட்டல் இருந்தது. 'உண்மையான எகிப்து உணவு' என்று இங்கிலீஷில் பலகை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நுழையப் போனேன். மூக்குக்காரர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நம்மூர்ல எவனாவது 'உண்மையான சாம்பார்'னு போர்டு வெச்சுப் பாத்திருக்கீங்களா? பின்பக்கம் வாங்க."

பின்பக்கம் போனோம். குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் பைகள், அட்டைப்பெட்டிகள். தலையை ஆட்டினார். அவருடைய சூத்திரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்தக் கடைக்குப் பக்கத்தில் இன்றைக்கு உரித்த வெங்காயத் தோல் கிடக்கிறதோ, அங்கேதான் இன்றைக்குச் சமைக்கிறார்கள். தோல் இல்லாத கடை, பொட்டலத்தைப் பிரித்துச் சூடு பண்ணுகிற கடை. மூக்கு போனாலும் கண் இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம், தோல் கிடந்த ஒரு தள்ளுவண்டியில் பச்சை வடை மாதிரி ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார். பெரிய மொச்சையை ஊறவைத்து, கொத்தமல்லியோடு அரைத்துச் சுட்டது. அவருக்கு ருசி தெரியாது. அதனால் தின்பது என் வேலை, கேட்பது அவர் வேலை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"நல்லா இருக்குன்னா? பத்திரிகையில எழுதுறவருன்னு சொன்னாங்க! வெங்காயம் முன்னாடி வருதா பின்னாடி வருதா?"

"நடுவுல வருதுண்ணே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரிகைகள் என்னை ஏன் எழுதக் கூப்பிடுகின்றன என்கிற சந்தேகம் அவருக்கு அன்றைக்கு வந்துவிட்டது. எனக்கு அது முன்பே உண்டு.

மறுநாள் பழைய கெய்ரோவில் ஒரு பழங்கால மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். புஷ்பம் அக்கா முதல் ஆளாக உள்ளே போய் முட்டி போட்டார். அக்கா கண்ணை மூடினாரோ இல்லையோ, மூக்குக்காரர் என் முழங்கையை இடித்தார். இருவரும் நழுவினோம்.

சந்துகள் குறுகலாக இருந்தன. ஓர் இடத்தில் அவர் சட்டென்று குனிந்தார். தரையில் ஒரு வெங்காயத் தோல். பத்தடி தள்ளி இன்னொன்று. காற்றில் பறந்துவந்த தோல்களைப் பார்த்துப் பார்த்து, திருடனைத் தேடும் போலீஸ் நாய் போல அவர் முன்னே போனார். நான் டூர் தம்பியை நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னே போனேன். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி ஒரு திறந்த கதவுக்குள் போனது. அவரும் போனார். நானும் போனேன்.

அது கடை இல்லை. ஒரு வீட்டு முற்றம். நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மலையாகக் கிடந்த வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரே கூச்சல். நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன். மூக்குக்காரரோ யார் வீட்டில் இருக்கிறோம் என்பதையே மறந்து, குவியலின் முன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தடியாக ஒரு மனிதர் கரண்டியோடு ஓடிவந்தார்.

மூக்குக்காரர் நிதானமாகத் தம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பாடாலூர் மண்டி. வெங்காயக் குவியலுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். கரண்டிக்காரர் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், படத்தைப் பெரிதாக்கி அந்தச் சின்னஞ்சிறு வெங்காயங்களைப் பார்த்தார். பிறகு பெண்களிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு பொடி வெங்காயத்தை உரிக்கிற பெண்கள் பாவம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பெயர் சயீத். தெருமுனையில் கொஷாரி என்கிற கலவைச் சோற்று வண்டி வைத்திருக்கிறவர். அந்த வண்டிக்கு வெங்காயம் வறுப்பது இந்த வீட்டில்தான். ஒரு பெண் ஒரு பச்சை வெங்காயத்தை நாலாக நறுக்கி உப்போடு மூக்குக்காரரிடம் நீட்டினார். எந்த வெங்காயத்துக்காக அவர் கடல் தாண்டி வந்தாரோ அது கையில் வந்துவிட்டது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு கடித்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காரம் தெரியுது சார்" என்றார் மெதுவாக. "வாசனை வரல."

இன்னொரு துண்டைக் கடித்தார். பிறகு மீதியைத் தட்டில் வைத்துவிட்டார். "நல்ல வெங்காயந்தான். நறுக்குறப்பவே தெரியுது. அதும்மேல குத்தமில்ல."  எத்தனையோ பேரை வாயால் ஓடவைத்த மனிதர், தரையில் கிடந்த தோலைப் பொறுக்கி ஓரமாகக் குவிக்க ஆரம்பித்தார்.

சயீத்துக்கு என்ன புரிந்ததோ, சாப்பிடாமல் போகக்கூடாது என்று எங்களைக் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப்போனார். கிண்ணத்தில் சோறு போட்டார். அதன்மேல் பருப்பு. அதன்மேல் மக்ரோனி. அதன்மேல் கொண்டைக்கடலை, தக்காளிக் குழம்பு, கடைசியாகக் கருமொறுவென்று வறுத்த வெங்காயம். கல்யாண வீட்டில் மிச்சமானதையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டியது போல் இருந்தது. ஒரு வாய் வைத்தேன். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

மூக்குக்காரருக்கு அந்தக் கலவை சரிப்படவில்லை. பந்தியில் வளர்ந்தவர் அல்லவா! கிண்ணத்திலேயே எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார். முதலில் தக்காளிக் குழம்பில் கொஞ்சம் சோற்றைப் பிசைந்து, சாம்பார் முடித்தார். அடுத்து என்ன? வண்டியில் ஒரு பாட்டில் இருந்தது. பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு, வினிகரும் எலுமிச்சையும் விட்ட தண்ணீர். சாப்பிடுகிறவர்கள் அதை நாலு சொட்டு மேலாகத் தெளித்துக்கொள்கிறார்கள். மூக்குக்காரர் அதைப் பார்த்தார். கலங்கலாக, அடியில் பூண்டும் சீரகமுமாக. நம்மூர் ஆளுக்கு அது என்னவாகத் தெரியும்?

"ரசம்" என்றார். வலது கையைக் குழித்து சயீத்திடம் நீட்டினார்.

சயீத் திகைத்தார். கை துடைக்கக் கேட்கிறார் என்று நினைத்து டிஷ்யூ காகிதம் வைத்தார். மூக்குக்காரர் அதைத் தட்டிவிட்டு பாட்டிலைக் காட்டினார். சயீத் கையில் இரண்டு சொட்டு விட்டார். "ஊத்துப்பா, கல்யாணத்துக்கு வந்துட்டு எண்ணி ஊத்துறியே!" என்று தமிழில் அதட்டினார் இவர். அதட்டல் எல்லா மொழியிலும் புரியும். சயீத் கண்ணை மூடிக்கொண்டு கை நிறைய ஊற்றினார். நான் தடுப்பதற்குள் மூக்குக்காரர் ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டார்.

வினிகர் அல்லவா! பாதி தொண்டைக்குள் போனது, மீதி மூக்குக்குள் ஏறியது. தும்மினார். வண்டிமேல் கிண்ணங்கள் ஆடின. மறுபடி தும்மினார். பின்னால் வந்த கழுதை வண்டி நின்றுவிட்டது. முகம் சிவந்து, கண்ணும் மூக்கும் ஒழுக, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே கூடிவிட்டது. ஒருவர் முதுகில் தட்டினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கம்பெனி பொறுப்பில்லை என்று மைக்கில் சொன்னது எனக்குக் காதில் ஒலித்தது.

கடைசித் தும்மலுக்குப் பிறகு அவர் அப்படியே அசையாமல் நின்றார்.

"சார்... சீரகம்."

"என்னண்ணே?"

"சீரகம் சார். வறுக்கல, பச்சையா தட்டியிருக்கான்." நாசி இரண்டும் விரிந்தது. "போயிருச்சு. இருங்க... பூண்டு. பழைய பூண்டு சார் இது, ரெண்டு பல்லு முளை விட்டிருக்கு!"

மறுபடி சயீத்திடம் கையைக் குழித்து நீட்டினார். சிரித்துக்கொண்டே அழுதார். சயீத்தும் ஏன் என்று தெரியாமலே சிரித்து, ஊற்றினார். அன்றைக்கு அந்த வண்டியில் மற்றவர்களுக்குத் தெளிக்க ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது.

கோயில் வாசலில் மஞ்சள் குடையைச் சுழற்றிக்கொண்டு டூர் தம்பி காத்திருந்தான். அவன் திட்டியது எங்கள் காதில் ஏறவில்லை. புஷ்பம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது பஸ்ஸே ஸ்தோத்திரம் பாடியது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "நான் முட்டி போட்ட நேரமும் அதேதான்" என்றார். மூக்குக்காரருக்கும் சந்தேகமே இல்லை. "ரசத்துல வந்துச்சு" என்றார். இஸ்ரேல் எல்லை வரைக்கும் சண்டை. என்னை நடுவராகக் கேட்டார்கள். ஜெபம் மேலிருந்து தள்ளியது, ரசம் கீழிருந்து தள்ளியது என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியும் அவர் அதை விடவில்லை. தினமும் காலையில் பூண்டு சீரகத் தண்ணீரைக் கையில் விட்டு உறிஞ்சுவார். தும்மல் கேட்டு நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்களாம். பிறகு எனக்குப் போன் வரும். "சார், இன்னிக்கு மல்லி வந்துச்சு." இன்னொரு நாள், "டீசல் வந்துச்சு சார், இது வராமலே இருந்திருக்கலாம்." மழை விழப்போகிற ஒரு மத்தியானம், "மண்ணு சார், மண்ணு!" என்று கத்தினார். வெங்காயம் மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "அது ரோஷக்காரி. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், வருவா" என்கிறார். மண்டியில் ஆட்கள் இப்போது அவர் சாக்கில் மூக்கை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்களாம்: "தப்பா சொன்னா திருத்துவோம், கோச்சுக்காதீங்கண்ணே."

போன மாதம் பாடாலூர் வழியாக வந்தபோது சாப்பிட வரச்சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். இலை போட்டு, மொச்சைக் குழம்பு ஊற்றினார் அக்கா. மூக்குக்காரர் பிசைந்து முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தினார். கையை இலையில் உதறினார்.

"ஏண்டி, அடுப்புல வெச்சுட்டு எவகிட்ட போன் பேசிக்கிட்டிருந்த? அடிப்பிடிச்சுருக்கு. அதை மறைக்க மேல தேங்காய அரைச்சு ஊத்தியிருக்க. நான் என்ன மூக்கில்லாதவனா?"

 விருந்தாளி முன்னால் இப்படியா என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.  மெதுவாகக் குனிந்து, அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி அதே குழம்பை ஊற்றினார்.

"என்ன சொன்னீங்க, எனக்குச் சரியா காதுல விழல. இன்னொரு தரம் திட்டுங்க."

அவர் இன்னொரு தரம் திட்டினார். முன்னைவிட விவரமாக, தேங்காய் எந்தப் பக்கத்து மரத்துத் தேங்காய் என்பது வரைக்கும். நான் என் இலையை அக்கா பக்கம் நகர்த்தி, அடிப்பிடித்த குழம்பில் எனக்கும் இன்னொரு கரண்டி கேட்டேன்.